பதினொரு ஜோடிச் செருப்பு

பாலிடெக்னிக்கில் திரைப்படக் கல்வி கடைசி வருடம் படிக்கிற ரித்திக், தன் படத்தின் முதல் ஒன்றரை நிமிடத்தைக் காட்சி காட்சியாகத் தாளில் எட்டு முறை வரைந்து எட்டு முறையும் கிழித்துப் போட்டுவிட்டான். ஒன்பதாவது முறை வரைந்ததில் ஆட்களே இல்லை. சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக் வீட்டின் மூடிய கதவு, கதவுக்கு வெளியே நிறையச் செருப்புகள். அடுத்த ஷாட்டில் அதே கதவு, இரண்டே ஜோடி. ஒரு காலத்தில் ஆட்கள் வந்துபோன வீடு, இப்போது யாரும் வருவதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும் என்று நம்பினான்.

ஆசிரியைக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. செருப்பைப் பார்த்து யாரும் அழமாட்டார்கள், ஒரு முகத்தைக் காட்டு என்றார். திங்கட்கிழமைக்குள் தொடக்கக் காட்சி அமையாவிட்டால் வேறு யார் படத்துக்காவது மைக் பிடிக்கப் போகலாம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் அப்படியே நடக்கும் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

காட்ட வேண்டிய முகம் ரித்திக்கின் அப்பாவுடையது, அதுதான் சங்கடம். பேருந்து ஓட்டுகிற அப்பா செல்வராஜிடம், யாரோ ஒரு குடும்பத்தைப் பற்றிய படம் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான். நான்கு வருடங்களுக்கு முன் அம்மா விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனபோது, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத சொந்தக்காரர்கள் எந்தப் பக்கமும் நிற்காமல் நழுவிவிட்டார்கள். தீபாவளிக்குக் கைப்பேசியில் ஒரு விளக்குப் படம் வரும், அதோடு சரி. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. விடுமுறை நாளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த மனிதரின் தனிமையைத் திரையில் போட்டு ஊருக்குக் காட்டினால் மனசு ஒடிந்துபோவார் என்று ரித்திக் பயந்தான். அவருக்குத் தெரியாமல் எடுப்பதும் அவனை அரித்தது.

"உங்கப்பாகிட்ட கேட்டுடு லா," என்றாள் அவனுக்கு ஒளிப்பதிவு செய்யப்போகும் வர்ஷா. "கேட்டா என்ன சொல்லிடப் போறாரு?"

அவர் ஒன்றுமே சொல்லமாட்டார். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

சனிக்கிழமை தன் வீட்டு வாசலிலேயே ஒத்திகை வைத்தான். வர்ஷா வீட்டிலிருந்து ஆறு ஜோடி கிடைத்தது, அதில் மூன்று சின்னப் பிள்ளைகளுடையவை. தேக்காவில் செருப்புத் தைக்கிற சின்னத்தம்பி, தைத்து வைத்தும் யாரும் வாங்க வராமல் கிடந்ததில் ஐந்து ஜோடியைப் பையில் போட்டுக் கொடுத்தார். வர்ஷா வரவில்லை. அவள் வீட்டில் ஏதோ விசேஷம், அவள் வீட்டில் எப்போதும் ஏதோ விசேஷம்தான். ரித்திக் தனியாக உட்கார்ந்து, விருந்தாளிகள் அவசரமாகக் கழற்றிப் போட்டதுபோல ஒவ்வொரு ஜோடியையும் கோணலாக வைத்தான். வைத்து முடித்துப் பார்த்தபோது அவனுக்கே உள்ளே ஓடிப்போக ஆசையாக இருந்தது. உள்ளே போனால் வெறும் கூடம். தெரிந்ததுதான், இருந்தும் ஏமாற்றமாக இருந்தது.

மாலை வெயில் கதவில் எப்படி விழுகிறது என்று பார்க்க, காரிடார் கோடியில் பக்கத்து வீட்டு நாகம்மாவின் பூந்தொட்டிகளுக்கு நடுவே கேமராவை ஓடவிட்டான். சத்தத்துக்காகக் கதவோரம் ஒரு சின்ன மைக்கும் வைத்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு, தன் அறையில் வரைய உட்கார்ந்தான்.

ஆறு மணிவாக்கில் வாசல் மணி அடித்தது. திறந்தால் அப்பா. எட்டு மணிக்கு வர வேண்டியவர். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார், இரண்டு கையிலும் கனத்த பைகள். மகனின் தோளுக்கு மேலே எட்டிக் கூடத்தைப் பார்த்தார், அறைப் பக்கம் பார்த்தார்.

"எங்கடா எல்லாரும்?"

 யாரும் வரவில்லை, செருப்பெல்லாம் படத்துக்காக இரவல் வாங்கியவை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். அப்பாவின் முகம் மெல்ல வழக்கமான முகமாயிற்று. "அப்படியா," என்று பைகளை மேசைமேல் வைத்தார். கீழே காப்பிக் கடையில் வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ், பதினொரு பொட்டலம். மூன்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இது காரம் போடாதது. சின்னச் செருப்பு மூணு இருந்துச்சுல்ல," என்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

ரித்திக் கேமராவை எடுத்துவந்து ஓட்டிப் பார்த்தான். முப்பத்திரண்டாவது நிமிடத்தில் லிஃப்டிலிருந்து சீருடையோடு அப்பா வந்தார். சட்டென்று நின்றார். வீட்டு எண் சரிதானா என்று பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொரு ஜோடியாக எண்ணினார். பிறகு மூடிய கதவைப் பார்த்துச் சின்னக் குரலில், "வாங்க, வாங்க, எப்ப வந்தீங்க?" என்றார். அது அவருக்குத் திருப்தியாக இல்லை போலும். இன்னும் கொஞ்சம் சிரித்து இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் சீப்பைத் தேடிக்கொண்டே லிஃப்டுக்கு ஓடினார்.

நான்கு வருடமாக ரித்திக் பார்க்காத முகம் அது. ஆசிரியை கேட்ட முகமும் அதுதான். அப்படி நினைத்த மறுகணம் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. அழிக்கப் போனான்.

"இரு." துண்டோடு அப்பா பின்னால் நின்றிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி போடச் சொன்னார். முழுவதும் பார்த்தார்.

"இது நம்ம வீட்டுக் கதைதானா?"

"ஆமாப்பா. சொல்ல பயமா இருந்துச்சு. வேணாம்னா அழிச்சிடறேன்."

அவர் பையை அருகே இழுத்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்திவிட்டு, தனக்கு ஒன்றைப் பிரித்துக்கொண்டார். இருவரும் பாதி சாப்பிட்டார்கள்.

"போட்டுக்கோ," என்றார் கடைசியில். "நான் லிஃப்டுக்கு ஓடறதோட வெட்டிடு. திரும்பி வந்து மணி அடிச்சதைப் போடாத."

"ஏம்ப்பா?"

"உள்ள ஆளுங்க இருக்காங்கன்னே இருக்கட்டும்."