நாற்பத்தொன்றாம் பக்கம்

வெனான்சி எழுதிய புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் மை ஏற மறுத்தது. கிகாலி அச்சகத்தில் மூன்று முறை இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள்; பாரீஸ் அச்சகத்தாரும் தோற்றார்கள். நாற்பதாம் பக்கத்தில், தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஏப்ரலில், துட்சி இனத்தவரைத் தேடி வெட்டுக்கத்தியோடு வந்தவர்கள் அவள் அம்மாவை இழுத்துப்போனார்கள். நாற்பத்திரண்டில் வெனான்சி மட்டும் சதுப்புக் கோரைக்குள் உயிரோடு கிடந்தாள். இடையில் வெள்ளை. ஜெனீவா வாசகர் கூட்டத்தில் அதை மௌனத்தின் உச்சம் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். நாடு நாடாக மனித உரிமை பேசிய வெனான்சிக்குத் தெரியும், அது மௌனமில்லை. அம்மா எங்கே கிடக்கிறாள் என்ற ஒரு தகவல் இல்லை, அவ்வளவுதான்.

தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு செபாகாரா. ஊர் மன்றத்தில் ஏழு கொலைகளை ஒப்புக்கொண்டு, எட்டாவதை "மறந்துபோச்சு" என்று விழுங்கி, பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியவன். அவர்கள் ஊரான ருகேஷிக் குன்றில் எந்தக் கல்யாணத்துக்கும் அவன் தோப்பு வாழைப்பழக் கள்தான்.

ஒரு ஞாயிறு, குன்றுத் தலைவர் முன்னிலையில், வெனான்சியிடம் மன்னிப்புக் கேட்கக் கள்குடத்தோடு வந்தான். விஷமில்லை என்று காட்ட, கொண்டுவந்தவன்தான் முதலில் உறிஞ்ச வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவனோ நாணற்குழலை நேராக அவளிடம் நீட்டினான்.

"முதல்ல நீங்க குடிங்க, செபாகாரா."

"வயிறு சரியில்ல தாயி."

"கல்யாணத்துலயும் இதே பாட்டுதான்!" என்றாள் கடைக்காரி தத்தியானா. "ஊருக்கே ஊத்துவான், தன் வாயில ஒரு சொட்டு விடமாட்டான். அவ்ளோ நல்ல மனசு!"

எல்லோரும் சிரித்தார்கள். வெனான்சி சிரிக்கவில்லை.

"இது எந்த மரத்துக் குலை?"

குழல் அவன் கையிலிருந்து நழுவியது.

"மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால... அஞ்சாவது மரம்."

தோண்டினார்கள். அம்மாவின் நீல ஜெபமாலையோடு எலும்புகள் வந்தன. சிரித்தவர்கள் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்கள்.

அன்றே, உலகத்தில் எந்த அலமாரியில் எந்தப் பிரதி இருந்தாலும், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுத்து ஏறியது. ஒரே வரி: மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், ஐந்தாவது மரம். ஜெனீவாவிலிருந்து கடிதம் வந்தது: வெற்றுப் பக்கமே நன்றாக இருந்ததாம், வாசகர்களுக்கு வருத்தமாம். அம்மாவுக்குச் சிலுவை நட்டுக்கொண்டிருந்த வெனான்சி அதைப் படித்தாள்; நாலாக மடித்து, சிலுவை ஆடாமலிருக்க அடியில் செருகினாள்.

ஒரு மாதம் அடுத்த குன்றிலிருந்து கள் வந்தது. பிறகு மழை பிடித்தது, பாதை வழுக்கியது, செபாகாராவிடமே வாங்கினார்கள். இப்போதெல்லாம் முதல் உறிஞ்சு அவனுடையதுதான். எந்த மரத்துக் குலை என்று யாரும் கேட்பதில்லை.