அந்தப் பக்கம் எரியுதுங்க

சேந்தமங்கலத்திலிருந்து நான் மலையேறி வந்தது ஒரு சுவிட்சை மாற்றத்தான். முந்தின நாள் விழுந்த இடியில் சுகாதார நிலையத்தில் இன்டர்நெட் லைனைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச் கருகிப்போயிருந்தது. இந்த வேலையில் எனக்கு ஒன்பது வருஷம். நாசியா கை வைத்தால் அரை மணியில் லைன் வந்துவிடும் என்று கீழே பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

புதுசை மாட்டிக்கொண்டிருக்கும்போதே ராசுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிளகு பறிக்க ஏணியில் நின்றவருக்கு நெஞ்சுவலி. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நர்ஸ் கலைமணி ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எங்க டாக்டர் லீவுங்க. கீழ பெரிய டாக்டர் இதைப் பாத்துச் சொன்னாத்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். போடாம மலைப்பாதையில இத்தனை வளைவு இறங்குனா ஆளு தாங்கமாட்டாருங்க. லைன் எப்ப வரும்?"

"பத்து நிமிஷம் சிஸ்டர்."

சொல்லிவிட்டேன். அதே இடியில் செல்போன் டவரும் படுத்துக்கிடந்தது. ஈசிஜி கீழே போக, ஒளியில் தகவல் கொண்டுபோகும் ஃபைபர் கேபிளை விட்டால் வேறு வழியில்லை.

அந்த ஃபைபர் மரவள்ளிக் காட்டைத் தாண்டி எதிர்ச் சரிவிலிருக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிறது. அங்கே இருப்பது லேப்டாப்பில் எல்லாம் மாற்றி அமைக்கக்கூடிய பெரிய சுவிட்ச்; அதன் ஒன்பதாம் ஓட்டையில்தான் இந்த ஃபைபரின் மறுமுனை. நான் இங்கே மாட்டியது செருகினால் வேலை செய்யும் சின்னது. அதில் மாற்ற ஒன்றுமே கிடையாது. ஃபைபரைச் செருகினேன். சுவிட்சில் விளக்கு எரியவில்லை. முனையைத் துடைத்து மறுபடி செருகினேன். அப்போதும் இல்லை.

இந்த மலையில் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் குரல் கொடுத்தே பேசிக்கொள்வார்கள். நானும் வாசலில் நின்று ஆபீஸ் உதவியாளர் தனபாலைக் கூப்பிட்டேன்.

"அண்ணே! ஒன்பதாம் ஓட்டையில லைட் எரியுதுங்களா?"

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் கொடுத்தார். "ஆமாங்க! எரியுதுங்க!"

நான் நம்பவில்லை. இங்கே இருட்டாக இருக்க அங்கே மட்டும் எப்படி எரியும்? இந்த ஊர்க்காரர்கள் மனசு நோகக்கூடாதென்று எதற்கும் ஆமாங்க போடுவார்கள். பஸ் வருமா என்றாலும் ஆமாங்க, போய்விட்டதா என்றாலும் ஆமாங்க. இதுவும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினேன். ஒயரை மாற்றினேன். ஃபைபர் செருகும் மாட்யூலை மாற்றினேன். மறுபடி கத்தினேன்.

"பச்சையாங்க? நல்லாப் பாருங்க!"

"பச்சைதானுங்க அம்மிணி!"

"கண்ணைத் தொறந்து பாருங்கண்ணே! சும்மா ஆமா போடாதீங்க!"

தனபால் திரும்பி ஆபீசுக்குள் போய்விட்டார்.

உள்ளே ராசு முனகினார். அவர் மனைவி கண்ணாயி கட்டில் அருகே உட்கார்ந்து அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. கலைமணி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாட்யூல் கை நழுவிக் கீழே விழுந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்து ஓடினேன்.

தனபால் விரலை மட்டும் நீட்டினார். ஒன்பதாம் ஓட்டைக்கு மேல் பச்சை விளக்கு, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷம் முன்பு அந்த ஓட்டையில் தகவல் போகும் வேகத்தை மாறாதபடி பூட்டிவைத்தவளே நான்தான். எதிர்முனையில், சுகாதார நிலையத்தில், அப்போது இருந்ததும் பெரிய சுவிட்ச். இரண்டையும் ஒரே மாதிரி பூட்டியிருந்தேன். இப்போது போட்ட சின்னதோ, எதிராளி வேகத்தைப் பேசி ஒத்துக்கொண்டால்தான் கண்ணைத் திறக்கும். பூட்டிவைத்த பெரியது பேசாது. தனக்கு ஒளி வந்தாலே போதுமென்று விளக்கைப் போட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் எரிகிறது, மறுபக்கம் இல்லை என்றாலே இந்தக் கோளாறுதான் முதலில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மனிதரின் முதல் வார்த்தையை நம்பியிருந்தால் வந்திருக்கும்.

லேப்டாப்பில் அந்தப் பூட்டை எடுக்க ஒரே ஒரு வரி. மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் கலைமணியின் குரல் சரிவைத் தாண்டி வந்தது. "வந்துருச்சுங்க!"

தனபாலின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நான் திரும்பியபோது ஊசி ஏறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் பெரிய டாக்டர் கேட்டார்: "ஊசி ஆரம்பிச்சப்ப வலி வந்து எவ்வளவு நேரமாயிருந்துச்சு?"

"ஒன்றரை மணி நேரங்க டாக்டர்."

"முன்னாடியே அனுப்பியிருக்கலாமே சிஸ்டர். சரி, முடிஞ்சதும் உடனே இறக்குங்க."

நிலையத்து ஆம்புலன்ஸில் ராசுவை ஏற்றினார்கள். கண்ணாயி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்லீன்னா எம்புருசன் கதி என்னாயிருக்கும் சாமி!"

என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"இல்லீங்கக்கா. ஆபீசு தனபால் அண்ணன் மொதல்லயே சரியாத்தான் சொன்னாரு. நாந்தான் நம்பல. நாப்பது நிமிசம் என்னாலதான் போச்சுங்க."

கண்ணாயி கையை விட்டாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருக்கலாம். அவள் புடவையை வரிந்துகொண்டு வண்டியில் ஏறி, கணவனின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவரு பொழச்சு வரட்டும் கண்ணு," என்றாள். "வந்தா, இதை அவருகிட்ட நீயே சொல்லு."