திரும்பி வரும் அம்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு நகல் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் மூன்று தாள்களை நீட்டினாள். மூன்றிலும் பெட்டிகள், பெட்டிகளுக்கு இடையே அம்புகள். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே படத்தை எதுக்கும்மா மூணு தாள்ல வச்சிருக்கீங்க?" என்றார்.

"ஒரே படம் இல்லண்ணே. ஒண்ணு தோல்ல பட்ட காயம் ஆறுறது. ஒண்ணு பெயின்ட் தயாரிக்கிறது. ஒண்ணு பேங்க்ல புகாரைத் தீர்க்கிறது."

சொல்லிவிட்டு அவளே அந்தத் தாள்களைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். எனக்குப் புல்லரித்தது. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் கொட்டிய ஒரு மாலையில், ஆய்வுக்கூடத்தின் சன்னலோரம் அவள்—"

[அடித்துவிட்டேன். தொடங்கத் தெரியாதவன்தான் மழையைக் கூப்பிடுவான்.]

இரண்டாம் தொடக்கம்: அவளுக்கு அம்புக்காரி என்று பட்டப்பெயர் வைத்தவன் அவளுடைய அண்ணன்.

[இது நிற்கும்.]

ஒரு வேலை எதற்குப் பின் எது என்று நடக்கிறது என்பதை வரைந்து பார்ப்பதுதான் அம்புக்காரியின் ஆராய்ச்சி. விஞ்ஞானியும் பொறியாளரும் வணிகரும் இதை அவரவர் பாஷையில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் படம் இன்னொருவருக்குப் புரியாது. மூன்றையும் ஒரே முறையில் வரைந்தால் என்ன என்று கிளம்பியவள் இவள். வரைந்தாள், ஆடிப்போனாள். மூன்றிலும் கடைசிப் பெட்டிக்கு முன்னால் ஓர் அம்பு பின்பக்கம் திரும்பியது. முடியப்போகிற எதுவும், முடியுமுன் ஒருதரம் தயங்குகிறது.

வெள்ளிக்கிழமை இதை ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

3

அண்ணன் பெயின்ட் ஆலையில் பொறியாளன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் படங்களைப் பார்த்தான்.

"எங்க ஆளுங்ககிட்ட என்னன்னு கேட்டு இதை வரைஞ்ச?"

"அப்புறம் என்ன, அப்புறம் என்னன்னு கேட்டேன்."

"லேப்ல?"

"அதேதான்."

"பேங்க்ல?"

அவள் அதற்கும் தலையாட்டினாள்.

"அப்புறம் என்னன்னு கேட்டா எல்லாரும் கதைதான்டி சொல்லுவாங்க. கதைன்னா கடைசியில ஒரு இழுபறி இருந்தே தீரும். இது உலகத்தோட உருவமா, உன் கேள்வியோட உருவமா?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு மூன்று படங்களையும் தன் பக்கம் இழுத்தாள்.

(ஓரக்குறிப்பு: இந்த அண்ணன்மேல் எனக்கே சந்தேகம். சாப்பிடும்போதா இதையெல்லாம் கேட்பார்கள்? அவனை நீக்கிப் பார்த்தேன். அவன் போனான், கேள்வி போகவில்லை. நானும் 'அப்புறம் என்ன'வை வைத்துப் பிழைப்பவன்தானே. அவனைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.)

"இப்ப என்னடா பண்றது?" என்றாள்.

"யாரையும் எதுவும் கேக்காத. போய் நில்லு. பாரு."

4

மறுநாள் ஆலையில், கலவைத் தொட்டியின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். கேட்காமல் நிற்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. வெள்ளையில் சாயம் விழுந்து, மெல்ல மெல்ல எல்லாம் நீலமானது. இனி டப்பாவில் பிடிக்க வேண்டியதுதான். குழாயில் கை வைத்த தொழிலாளி கையை எடுத்தார். ஒரு துளியை அட்டையில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடியும் கலக்க விட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அசரவில்லை.

"அவர் மனுஷன். மனுஷன் தயங்குவான். உன் தோல்ல இருக்கிற செல்லு தயங்குமா?"

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் தோழி ஒரு தட்டில் தோலின் உயிரணுக்களை வளர்த்து, நடுவே கீறிவிட்டிருந்தாள். நுண்ணோக்கி எடுத்த படம் திரையில் தயாராக இருந்தது.

"நீ எதுவும் விளக்காத. ஓடவிடு, போதும்."

கீறலின் இரு கரைகளிலிருந்தும் உயிரணுக்கள் நகர்ந்து வந்தன. நெருங்கின. ஒன்றையொன்று தொட்டன. தொட்டதுமே விளிம்பை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. பிறகுதான் சேர்ந்தன.

அவற்றுக்குக் கண் இல்லை, மூளை இல்லை. அவற்றிடம் யாரும் கதை கேட்கவும் இல்லை. அம்புக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏய், என்னாச்சு?" என்றாள் தோழி.

"இன்னொரு தடவை போடு."

5

மிச்சம் வங்கி.

புதன்கிழமை, புகார்ப் பிரிவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்தர் ஒரு புகாருக்குப் பதில் தட்டி முடித்துவிட்டார். 'தீர்ந்தது' என்ற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகிறார்.

முடிவு ஒன்று: எழுத்தர் தயங்கினார். புகாரை மறுபடி படித்தார். அம்புக்காரி—

[ரொம்பத் தித்திப்பு. இது நானே வரைந்த அம்பு.]

முடிவு இரண்டு: எழுத்தர் பட்டென்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். வெள்ளிக்கிழமை அவள்—

[இதுவும் நான் வரைந்ததுதான். கசந்தால் நிஜம் என்று நம்புவது எழுதுகிறவனின் வியாதி.]

சரி, எதுவானாலும் கடைசி வரியை எழுதிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். கை நின்றது. மேலே போய், நகல் கடையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்துக்கொண்டு வந்தேன். பாதியில்தான் உறைத்தது, முடிக்கப் போன நானே பின்பக்கம் திரும்பி வந்திருக்கிறேன் என்று. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை அவள் ஆய்வில் சேர்க்க முடியாது. நான் அவளை எழுதிவிட்டேன். என் சாட்சி செல்லாது. உங்கள் சாட்சி செல்லும். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. விரல் இன்னும் பொத்தானைத் தொடவில்லை. வந்து உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.