எட்டாவது குலம்

"பூட்ஸைத் தொட்டவன் கையை ஒடிச்சிடுவேன்" என்றார் ஓட்கர்.

சொந்தக் கையைப் போர்வைக்கு வெளியே எடுக்கவே அவருக்குத் தெம்பில்லை. ஆனாலும் தூக்க வந்த ஆட்கள் அப்படியே நின்று அவர் மகள் சிக்னியைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே கையை ஒடித்த மனிதர்தான் அவர்.

"போட்டுக்கிட்டே வரட்டும். தூக்குங்க" என்றாள் சிக்னி.

தம்பி யோரன் கால் பக்கம் பிடித்தான். "என்னக்கா, ஆளு காத்து மாதிரி இருக்காரு, காலு மட்டும் இந்தக் கனம் கனக்குது?"

"நீர் கோத்திருக்கும். பேசாம தூக்குடா."

அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. துக்கமில்லை, அது வேறு. சின்ன வயதில் அப்பாவின் கள்ளத் தோணியில் காவல் படகுகளுக்கு நடுவே நழுவிப் போகும்போது இப்படித்தான் அடிக்கும்.

ஹார்வென் நாட்டில் பிரபுக் குலங்கள் ஏழு. மலைக்கோட்டைக்குள் சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு குடும்பத் தலைவன், உயிரோடு வாசலைக் கடந்து, தன் வாயால் பேரைச் சொல்லி, உள்ளே போய்ச் செத்தால் கோட்டை மணி அடிக்கும். அந்த மணி யாருக்கு அடித்ததோ அவர்கள் வீடு அன்றிலிருந்து பிரபு வீடு. கோட்டைக்குள் ஒரு வீட்டைச் சிக்னி போன குளிர்காலத்தில்தான் ஒரு விதவையிடமிருந்து பிடுங்கியிருந்தாள். அந்த விதவை அழுததைப் பார்த்தும் சிக்னிக்கு மனம் இளகவில்லை. அப்பாவிடம் கற்ற தொழில் அது.

ஆனால் அப்பாதான் ஒரு வாரமாக வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். கீழூர்க் கடற்கரைச் சுடுமணலில் மீனவர்களோடு புதைந்திருக்கும் அம்மாவின் பக்கத்தில்தான் படுப்பேன் என்றார். இன்று காலை வேலைக்காரனை விட்டு அங்கே தூக்கிப் போகச் சொன்னார். கல்லறையருகே கொஞ்ச நேரம் தனியாக இருந்தார். திரும்பி வந்ததும், "சரி புள்ள, போலாம்" என்றார். விடைபெற்று வந்துவிட்டார் என்று சிக்னி நினைத்துக்கொண்டாள்.

அந்தி முரசு கொட்டினால் கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள். யோரன் குதிரைகளை அடித்து விரட்டினான். ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் ஒரு வைக்கோல் வண்டி அச்சு முறிந்து கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா, மாத்திடறேன்" என்றான் வண்டிக்காரன்.

"யோரா, ஆத்துல தள்ளு."

"அக்கா, அவன் பொழப்பு…"

"தள்ளுடா."

வண்டி தலைகுப்புற ஆற்றில் விழுந்தது. வைக்கோல் மிதந்து போவதை எட்டிப் பார்க்க முயன்ற ஓட்கர், இருமலுக்கு நடுவே சிரித்தார். "எம் பொண்ணுடா" என்றார். சிக்னிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சாகப்போகிறார், தான் சிரிக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

கோட்டை வாசலில் ஆர்ன்ஹோல்ட் பிரபு நின்றிருந்தார். வாசல் காவல் அவர் குலத்தின் பரம்பரை உரிமை. ஓட்கர் ஒரு குளிர்காலம் முழுக்க உப்பை நிறுத்தி வைத்து, ஏழு வீட்டு இறைச்சியையும் அழுக விட்டவர். அதற்கும் முன்னால், வரி கட்டாத உப்பைப் பூட்ஸுக்குள் நிரப்பிக்கொண்டு, இதே வாசல் வழியாக நொண்டாமல் நடந்து போய்த்தான் முதல் காசு பார்த்தார். அதனால் பிரபுக்கள் வைத்த பேர் காலுப்பு.

"காலுப்பு வீட்டுக்காரங்களா? வாங்க வாங்க" என்றார் ஆர்ன்ஹோல்ட். "கீழூர் மண்ணு ஒரு பொட்டு உள்ள போகக் கூடாது. சக்கரத்தைக் கழுவுங்கடா, நிதானமா."

ஒவ்வொரு சக்கரமாகக் கழுவினார்கள். குதிரைக் குளம்புகளைக் கழுவினார்கள். ஓட்கரின் பூட்ஸ் அடியிலும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். மூச்சு அவருக்கு இழுக்கத் தொடங்கியது. மேலே முரசுக்காரன் கோலைக் கையில் எடுத்துவிட்டான்.

"பேரு?" என்றார் ஆர்ன்ஹோல்ட்.

ஓட்கர் வாய் திறக்கவில்லை. கீழே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னி அவர் பூட்ஸைப் பற்றினாள். அம்மா பக்கத்தில் புதைக்க விடாததற்குப் பழி வாங்குகிறாரா?

"அப்பா, சொல்லுங்கப்பா. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"காலை விடு" என்றார் முதலில். பிறகு ஆர்ன்ஹோல்டின் முகத்தைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தெளிவாகச் சொன்னார். "ஓட்கர். உப்பு ஓட்கர்."

வண்டி உள்ளே நுழைந்த பிறகுதான் முரசு கொட்டியது. வீட்டு வாசலில் இறக்கும்போது அவர் போய்விட்டிருந்தார்.

மணி அடித்தது. யோரன் தெருவிலேயே குதித்தான். "அக்கா, நமக்குக்கா, நமக்கு அடிக்குது." சிக்னி அவனைக் கட்டிக்கொண்டாள்.  ஏழு வீட்டு ஜன்னல்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பிரபுவின் உடலுக்கு வெள்ளிச் சரிகைச் செருப்புதான் போட வேண்டும். சாட்சிக்கு ஆர்ன்ஹோல்ட் வந்து அறைக் கதவருகே நின்றார். சிக்னி மண்டியிட்டு இடது பூட்ஸின் வாரை அவிழ்த்து மெல்ல இழுத்தாள்.

உள்ளங்கையில் மணல் கொட்டியது. சாம்பல் நிற மணல், நடுவே சிப்பித் துண்டுகள். அம்மாவின் கல்லறை மேட்டில் சிறுமியாக அவளே குத்தி வைத்த சிப்பிகள்.

"என்னம்மா அது?" என்றார் ஆர்ன்ஹோல்ட்.

சிக்னி கையை மூடிக்கொண்டாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. காலு வீங்கியிருக்கு, கழட்ட வரல. இதோடவே இருக்கட்டும்."

"முறைன்னு ஒண்ணு இருக்கே."

"முறை வகுக்கறது எட்டு குலமும்தான். அதுல ஒரு குலம் எங்களுது. போட்டுக்கிட்டே போவாரு."

கையிலிருந்த மணலை மறுபடி உள்ளே விட்டு, வாரை ஒரு துளை கூட்டி இறுக்கினாள். தரையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. ஆர்ன்ஹோல்ட் படியிறங்கிப் போகும் சத்தம் ஓயும்வரை, அதன்மேல் பாவாடையை விரித்து உட்கார்ந்திருந்தாள்.