பார்பரா யாருக்கும் குனிந்ததில்லை

எங்கள் ஊர் ரோக்காமேலாவில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி நடத்துவது நான்தான். நுன்ஸியா டீச்சர் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். பதினான்கு வருடமாக நடத்துகிறேன். புனிதர்களின் கதைக்குச் சர்க்கரை தடவுவது எனக்குப் பிடிக்காது. ஆயர் இல்லத்திலிருந்து வண்ணம் தீட்டும் தாள்கள் அனுப்புவார்கள். அதில் எல்லாப் புனிதர்களும் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே செத்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கோபுரம் வரையச் சொல்வேன்.

கோபுரம் பார்பராவுடையது. எங்கள் ஊரின் பாதுகாவலி அவள்தான், டிசம்பர் நான்காம் தேதி திருவிழா. அப்பன் அவளைக் கோபுரத்தில் பூட்டி வைத்தான், அவள் மூவொரு கடவுளின் பேரில் மூன்றாவதாக ஒரு ஜன்னல் திறக்கச் சொன்னாள், அப்பனின் தெய்வச் சிலைக்கு முன்னால் மண்டியிடு என்றார்கள், மாட்டேன் என்றாள், அடித்தார்கள், அப்போதும் மாட்டேன் என்றாள், கடைசியில் பெற்ற அப்பனே வாளை எடுத்தான். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஓர் ஈ பறந்தாலும் கேட்கும். அந்த நவம்பரிலும் அப்படித்தான் சொன்னேன். "பார்பரா யாருக்கும் குனியவே இல்லை" என்று முடித்தேன்.

பேக்கரிக்காரன் மகள் நின்ஃபா கையைத் தூக்கினாள். முன்பல் இரண்டும் விழுந்த பொடிப் பெண்.

"டீச்சர், நீங்க பொய் சொல்றீங்க."

"என்னடி பொய்?"

"போன வருஷம் நான் அப்பா தோள் மேல உக்காந்து பாத்தேன். தொன் ஜெர்லாந்தோ வீட்டு முன்னாடி அவங்க குனிஞ்சாங்க. மூணு தடவ மணி அடிச்சாங்க, அவங்க இப்படிக் குனிஞ்சாங்க." எழுந்து நின்று இடுப்பை வளைத்துக் காட்டினாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. சப்பரத்தைப் பன்னிரண்டு பேர் சுமப்பார்கள். மணி ஒரு தடவை அடித்தால் நிறுத்துவார்கள், இரண்டு தடவை அடித்தால் தூக்குவார்கள். ஊரில் ஒரே ஒரு வீட்டின் முன்னால் மட்டும் மூன்று தடவை மணி அடிக்கும். அப்போது முன்வரிசை நால்வர் ஒரு முழங்காலை மடிப்பார்கள். மேலே நிற்கும் பார்பராவின் சுரூபம் முன்னால் சாயும், மாடியில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனிதர் தொன் ஜெர்லாந்தோ தலையை லேசாக அசைத்து அந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்வார். யாருக்கு வேலை கிடைக்கும், யாருடைய களஞ்சியம் தீப்பிடிக்கும் என்பதெல்லாம் அந்த மாடியில்தான் முடிவாகும் என்பது குழந்தைகளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நான் என் நாற்பது வயதுக்குள் அந்தக் குனிவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். கைதட்டியும் இருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. ஆறு வயதுக்காரிக்கு ஒரே பார்வையில் உறைத்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

"அப்ப எது பொய் டீச்சர்? கதையா, சப்பரமா?"

"அடுத்த வாரம் சொல்றேன்" என்று தப்பித்து வந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. புதன்கிழமை பங்குத்தந்தை எஜிதியோ கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் இளக்கம்.

"நுன்ஸியா, பார்பரா ஏழைகளுக்கு இரக்கம் காட்டினதச் சொல்லேன். சின்னப் பசங்க. முழங்கால் சமாச்சாரம் எதுக்கு?"

"முழங்கால் சமாச்சாரத்த எடுத்துட்டா கதையில என்ன ஃபாதர் மிஞ்சும்? ஜன்னல்தான் மிஞ்சும்."

"திருவிழா முடியட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லு."

"திருவிழா முடிஞ்சப்புறம் சொன்னா நான் பொய்க்காரி, ஃபாதர். அந்தப் பொண்ணு இப்பவே அப்படித்தான் பாக்குது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வகுப்ப வேற யாருக்காவது குடுக்க வேண்டி வரும்" என்றார். மிரட்டல் அவருக்குப் பழக்கமில்லை. எங்கே உட்கார்ந்து யார் சொல்லிக்கொடுத்ததோ, அப்படியே ஒப்பித்தார்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். என் கணவன் மெல்கியோரே கொத்தனார். ஊரிலேயே அகலமான தோள். சப்பரத்தின் முன்வரிசையில், இடதுபக்கத் தண்டின் நுனியில் நிற்பவன் அவன்தான். அந்த இடம் அவனுடைய அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்தது.

"இங்க பாரு, நீ மடிச்சாத்தான அவ குனியறா?"

"நாலு பேரும் மடிக்கணும்."

"நாலுல ஒண்ணு நீ."

"நீ கதை சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடுவ. என் தோள்தான் பதில் சொல்லணும். நான் கட்டிட்டிருக்கிற ரெண்டு வீடும் யார் சொல்லிக் கிடைச்சது, தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் நானும் இத்தன வருஷம் கைதட்டினேன். சரி, நான் உன்ன மடிக்காதேன்னு சொல்லல. ஞாயித்துக்கிழம வந்து அந்தப் பிள்ளைக்கு நீயே பதில் சொல்லு. எனக்குச் சொல்லத் தெரியல."

"ஆறு வயசுக்குப் பயப்படற ஆளா நான்?" என்றான்.

வந்தான். பயப்படத்தான் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தான். நின்ஃபா அவன் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, அவங்களக் குனிய வைக்கிறது நீங்கதானா?"

"நாங்க... நாலு பேர் சேர்ந்து."

"ஏன்?"

"வழக்கம்மா. எங்க அப்பா காலத்துலேர்ந்து."

"பார்பராவோட அப்பாவும் வழக்கம்னுதான் சொன்னாரு" என்றாள் அவள். கதையில் நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. அவளாகவே சேர்த்துக்கொண்டாள் போலும். மெல்கியோரே என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். உதவிக்குப் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பிறகு வந்த நாட்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன செய்யப் போகிறான் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. மடித்தால் இனி அந்த வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பேன்? மடிக்காவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாகும்?

டிசம்பர் நான்கு, காலைப் பூசை முடிந்ததும் சப்பரம் கிளம்பியது. வாத்தியக்காரர்கள் முன்னால், ஃபாதர் பின்னால். என் பதினான்கு பிள்ளைகளையும் வெள்ளை உடையில் தொன் ஜெர்லாந்தோ வீட்டுக்குப் பக்கத்து மூலையில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். வேறெங்காவது நிறுத்தச் சொன்னார்கள். கேட்டுக்கொள்ளவில்லை.

மாடியில் அவர் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். சப்பரத்தை வீட்டுக்கு நேராகத் திருப்பினார்கள். வாத்தியம் நின்றது. மணி ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று பேர் முழங்காலை மடித்தார்கள். மெல்கியோரே மடிக்கவில்லை.

சுமந்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்னவென்று. முன்பக்க எடை முழுவதும் ஒரே தோளில் இறங்கியது. அவன் கழுத்து நரம்புகள் புடைத்தன, முகம் கத்தரிக்காய் நிறமானது. பார்பரா முன்னால் குனியவில்லை. வலதுபக்கமாகச் சாய்ந்தாள், அதாவது பிள்ளைகள் நின்ற மூலையைப் பார்த்து. கூட்டத்திலிருந்து 'ஐயோ' என்று ஒரு சத்தம் எழுந்தது.

"மடிடா, மடையா!" என்று மணிக்காரர் பல்லிடுக்கில் கத்தி, மறுபடி மூன்று அடித்தார்.

அவன் அசையவில்லை. சுரூபம் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தது. அடுத்த நொடி அவன் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பிறகு மற்ற இருவரும் எழுந்தார்கள். பக்தியில் எழுந்தார்களா, சுரூபம் தங்கள் தலைமேல் விழுந்துவிடும் என்ற பயத்தில் எழுந்தார்களா, எனக்குத் தெரியாது. பார்பரா நேராக நின்றாள்.

மாடியிலிருந்து அவர் குரல் வந்தது, மெதுவாக, அன்பாகக்கூட.

"என்ன மேஸ்திரி? முழங்கால்ல ஏதாவது கோளாறா?"

மெல்கியோரேவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு, தொன் ஜெர்லாந்தோ. அவங்கதான் முடியாதுங்கிறாங்க."

என் பதினான்கு பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள்: "வாழ்க பார்பரா!" பெரியவர்களில் நான்கைந்து பேர்தான் சேர்ந்துகொண்டார்கள், அதுவும் வாய்க்குள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். ஃபாதர் எஜிதியோ வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வாத்தியம் மறுபடி முழங்கியது. சப்பரம் நகர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சர்க்கரை தடவாமல் சொல்கிறேன். மெல்கியோரேவின் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. இரண்டு வீட்டு வேலையும் அந்த வாரமே கைவிட்டுப் போனது. பக்கத்து ஊருக்குப் பேருந்தில் போய்ச் சுண்ணாம்பு பூசுகிறான், ஒற்றைக் கையால். மறைக்கல்வி அறையின் கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது, பழுது பார்க்க வேண்டும் என்று பூட்டு போட்டார்கள். மழை பெய்து அங்கே ஒரு சொட்டு ஒழுகி நான் பார்த்ததில்லை. ஒன்பது பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

ஐந்து பேர் வருகிறார்கள். அறை இல்லாததால் பழைய சிற்றாலயத்தின் படிகளில் உட்கார்ந்து படிக்கிறோம். ஊரில் எத்தனையோ படிகள் உண்டு. நான் தேர்ந்தெடுத்த படிகள் தொன் ஜெர்லாந்தோவின் மாடிக்கு நேர் எதிரே இருக்கின்றன. முதல் ஞாயிறு அந்த மாடியின் ஜன்னல் கதவுகளை அடித்துச் சாத்தினார்கள். இரண்டாம் ஞாயிறு வெயில் அடித்தது, வயதானவர் எவ்வளவு நேரம்தான் உள்ளே அடைந்து கிடப்பார், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், அவர் பாக்கறாரு" என்றாள் நின்ஃபா.

"பாக்கட்டும். கேக்கட்டும்."

போன வாரம் புனித லாரன்ஸின் கதை. பேரரசன் திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்றான், அவர் ஊரிலிருந்த ஏழைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் இதோ என்று நிறுத்தினார், நெருப்பில் போட்டார்கள். வரும் ஞாயிறு, பேரரசனை எதிர்த்து வாதாடிய கேத்தரின். ஐந்து குழந்தைகளுக்கு நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் அந்த மாடி கொஞ்சம் உயரம், அவருக்குக் காதும் மந்தம்.