லயத்துக் கதவுகள் மூடிய விதம்

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில், கிறிஸ்துமஸ் அன்று பிற்பகலிலிருந்து ஒரு கதவும் மூடவில்லை. கற்பகம் தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அது பாதி தூரம் வந்து நின்றது, பிறகு மெல்லத் திரும்பிப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டது. கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டாள். அவள் கணவன் ஈஸ்வரன் அடிக்கட்டையைச் சீவிப் பார்த்தான். கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. படுதாவைத் தொங்கவிட்டால் படுதாவும் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பலகையிலும் நிலையிலும் கோளாறு ஏதும் இல்லை. பதினோரு வீடுகளிலும் இதே கதை. உள்ளே அவர்கள் மகள் ஆர்த்தி, இன்னும் தவழத் தொடங்காதவள், நெஞ்சில் விசில் அடிக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நெடுங்கண்டத்து டாக்டர், பிள்ளைக்குக் குளிர்த் தணுப்பு ஏறக் கூடாது, ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று காலை டெல்லியில் ஆளுங்கட்சியின் தேசியத் தலைவர் ஒருவர், தேவாலயத்துத் தோட்டத்தில் நின்று, கிறிஸ்துமஸின் பொருள் என்ன என்று டிவியில் விளக்கினார். கிறிஸ்துமஸ் என்பது திறந்திருக்கும் கதவு என்றார். மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட பேச்சு கேட்டவர்களைக் கடந்து போய்விடும். இந்த லயம் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. டிசம்பரில் மூடுபனி அதன்மேல் பானைக்குத் தட்டுப் போட்டதுபோல் இறங்கிவிடும். உள்ளே வந்த சொல்லுக்கு வெளியேற வழியில்லை. கீழே படிந்து, படிந்த இடத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். முன்பு ஒரு வருஷம் ஒரு தலைவர் கிறிஸ்துமஸ் என்றால் ஒளி என்றார். கரண்ட் போன பிறகும் பல்புகள் அணையாமல் லயத்தில் யாருக்கும் தூக்கமில்லை. இன்னொரு வருஷம் வேறொருவர் பகிர்தல் என்றார். ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் எல்லா வீட்டுச் சோற்றிலும் கருவாடு மணத்தது, முதல் வீட்டுக்காரருக்கு வந்த காய்ச்சலும் பதினோரு பங்காகப் பிரிந்துபோனது. புது வருஷம் பிறந்து பனி விலகியதும் எல்லாம் சரியாகிவிடும் என்பது அனுபவம். அதனால் யாரும் பதறவில்லை, கற்பகத்தைத் தவிர. புது வருஷம்வரை அந்தப் பிள்ளையின் நெஞ்சு தாங்காது.

மாலையில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. எதிர்க்கட்சித் தலைவரும் டிவியில் வந்து, கிறிஸ்துமஸின் பொருள் அந்த இரவின் மௌனம் என்றார். உடனே லயத்து நாய்கள் வாயைத் திறந்தன, சத்தம் வரவில்லை. ஆனை வந்தால் ஊதுவதற்கு வாச்சர் வைத்திருந்த சங்கும் ஊமையாயிற்று. அந்தப் பக்கத்தில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று அரிசி மணம் பிடித்து வீட்டுச் சுவரை இடித்துத் தின்னப் பழகியிருந்தது.

கற்பகத்தின் தாய்மாமன் சின்னமுத்து பக்கத்து வீட்டுக்காரர். திறந்த கதவுக்கு நேரே நின்று பீடி பற்றவைத்தார். "ஆளுங்கச்சிக்காரன் கதவத் தொறந்துட்டான், எதிர்க்கச்சிக்காரன் நாய் வாயக் கட்டிட்டான். இனிமே ஆனைக்கு எல போட்டுப் பரிமாறுறது மட்டுந்தான் பாக்கி."

"பிள்ளைக்கு இழுக்குது மாமா, ஒங்களுக்கு நக்கலு."

"அழுதா மட்டும் மூடிக்கிடுமாக்கும்?"

லயத்துக்கு எதிரே, சரிவில், பழைய உரக்கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் ஜார்கண்டிலிருந்து வந்த புத்னியும் அவள் புருஷன் மங்ராவும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். அங்கே கதவே கிடையாது. லயத்தில் அவர்களைப் பெங்காலிக்காரர்கள் என்பார்கள். ஜார்கண்டு வேறு வங்காளம் வேறு என்று மங்ரா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். லயத்தின் கடைசி வீடு காலியாகத்தான் இருந்தது. அதை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டபோது, பதினோரு வீடும் கூடி, அது விறகு போடுகிற வீடு என்று சொல்லிவிட்டன. கற்பகம் அன்று வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் விறகும் அங்கேதான் அடுக்கியிருந்தது.

அந்தி கவியும் நேரத்தில் கொட்டகையின் பின்புறம் ஏலச்செடிகள் மடங்கின. மங்ராவும் புத்னியும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, முதலில் கண்ணில் பட்ட திறந்த வாசலுக்குள் புகுந்தார்கள். அது கற்பகத்தின் வீடு. அவர்கள் உள்ளே வந்து நின்றதும் கதவு தானாகச் சுவரை விட்டு நகர்ந்து பாதிவரை வந்தது. கற்பகம் அதைப் பார்த்தாள். என்ன செய்தால் என்ன ஆகிறது என்று பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். பாயை விரித்து உட்காரச் சொன்னாள். கதவு முக்கால் வந்தது. பால் விடாத கட்டஞ்சாயாவைப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள், கதவு அசையவில்லை. அந்தக் கப்பை வாங்கி வைத்துவிட்டு, தானும் ஈஸ்வரனும் குடிக்கிற சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். புத்னி ஒரு வாய் குடித்தாள். கதவு மூடியது. தாழ்ப்பாளும் தானே விழுந்தது. வெளியே ஒற்றைக் கொம்பன் சுவரை உரசிக்கொண்டு நடந்து போயிற்று. உள்ளே காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆர்த்தியின் நெஞ்சில் விசில் அடங்கியது.

காலையில் லயம் முழுக்கச் செய்தி பரவியது. அதுவரை அவர்களோடு பேசாதவர்களெல்லாம் கொட்டகைக்குப் போய், அக்கா என்றும் தம்பி என்றும் கூப்பிட்டார்கள். ஒருத்தி தோசை சுட்டு எடுத்துப் போனாள். ஆனால் ஒரு குடும்பம் போனால் ஒரு வீடுதான் மூடும், வீடோ பதினொன்று. சின்னமுத்து ஒரு யோசனை சொன்னார். மங்ரா சின்னமுத்து வீட்டுக்கு, மூத்த பிள்ளை முதல் வீட்டுக்கு, புத்னி இளையதோடு கற்பகம் வீட்டுக்கு. அப்படியானால் மூன்று வீடாவது மூடும், நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ளலாம்.

புத்னி தோட்டத்து வேலையில் கற்ற தமிழையும் மலையாளத்தையும் கலந்து கற்பகத்திடம்தான் பேசினாள். "சேச்சி, அவன் ஒரு வீடு, நான் ஒரு வீடு, பிள்ள ஒரு வீடா? நாங்க என்ன தாழ்ப்பாளா?"

கற்பகம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புத்னி சரியென்று தலையாட்டினால் தன் கதவு இன்று மூடும். மாட்டேன் என்றால், மங்ராவும் அவளும் குடும்பத்தோடு எந்த வீட்டுக்குப் போகிறார்களோ அந்த வீட்டுக் கதவு மட்டும்தான் மூடும். அவள் மகளை ஈஸ்வரனிடம் கொடுத்தாள். பிறகு கடைசி வீட்டுக்கு நடந்து போய், தன் விறகை எடுத்து வெளியே போட்டாள். முதல் கட்டை விழுந்ததும் அவள் வீட்டுக் கதவு ஒரு சாண் நகர்ந்ததை ஈஸ்வரன் பார்த்துக் கத்தினான். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் விறகை அவரவர் இழுக்க, அவரவர் கதவு நகர்ந்தது. மங்ரா கூரைத் தகரத்தைச் சரிசெய்தான். பொழுது சாயும்முன் புத்னி அந்த வீட்டு அடுப்பை மூட்டி உலை வைத்தாள். அரிசி கொதித்தபோது, லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கதவுகள் வரிசையாக அறைந்து மூடின. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

யாரும் அன்பு மேலிட்டு இதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. புது வருஷம் பிறந்தது, பனி விலகியது, நாய்கள் குரைத்தன. கடைசி வீட்டில் ஆள் இருந்தால்தான் கதவுகள் மூடும் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பங்குனியில் புத்னி குடும்பம் ஊருக்குப் புறப்பட்டபோது கதவுகள் மறுபடி திறந்துகொண்டன. அவர்கள் திரும்பி வரும்வரை லயத்துக்காரர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பிறகு மங்ராவின் தங்கை குடும்பமும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அது ஒருநாளும் பூட்டிக் கிடப்பதில்லை. சின்னமுத்து இன்னும் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவர் கதவு மட்டும் ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கும். அந்த இடுக்கில் சாக்கைச் செருகுகிறார், அது விழுகிறது, எழுந்து மறுபடி செருகுகிறார்.

கற்பகம் மாலையானால் கடைசி வீட்டுக் கூரையைப் பார்க்கிறாள். புகை எழுந்திருந்தால் பிள்ளையை உள்ளே தூக்கிப் போய்க் கதவைச் சாத்துகிறாள். மூடுகிறது.