சுண்டுவிரல் வாசித்த அதிகாரம்

என் வீட்டுக்காரருக்குக் கண் போனபோது அழுதேன். ஆனால் தன் பைபிளை யாருக்காவது கொடுத்துவிடு என்று அவர் சொன்ன அன்றுதான் பயந்தேன்.

இருபத்தொரு வருஷம் பட்டறையில் வெல்டர் வேலை. அதே இருபத்தொரு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் வேதம் வாசிக்கிறவரும் அவர்தான். பிரசங்கத்தில் தூங்கி வழிகிறவர்கள்கூட இவர் வாசிக்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள். என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, பிரசங்கம் முழுக்கத் தூங்குகிற என் கூடப்பிறந்த அண்ணனே இவர் வாசித்தால் விழித்துக்கொள்வார். ஒரு நாள் பட்டறையில் குழாய் ஒன்று வெடித்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். பெரிதுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் தவிர எழுந்திருக்கவே இல்லை.

ஆறுதல் சொல்ல ஆட்கள் வரிசையாக வந்தார்கள். "உங்களுக்குத் தெரியாத வசனமா?" என்று தொடங்கி, தெரிந்த வசனத்தையே சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்க்கரையைக் குறைத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

"மனப்பாடமா எவ்வளவோ தெரியுமே, அதையாவது சொல்லிக்கிட்டு இருக்கலாம்ல?" என்று நானும் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"சொல்லிப் பாத்தேன். என் குரல்தான் எனக்குக் கேக்குது. வாசிக்கும்போது அப்படி இல்ல, எதிர்ல ஒருத்தர் பேசுவார், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்போ அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கு" என்றார்.

போனில் வேதம் வாசிக்கிற பதிவைப் போட்டுக் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் குறட்டை. எழுப்பிக் கேட்டால், "நல்லாத்தான் படிக்கிறான். ஆனா பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் மாதிரி படிக்கிறான்" என்று பதில் வந்தது.

நான் விடுகிற ஆள் இல்லை. பார்வையற்றோர் சங்கத்துக்கு நடையாய் நடந்தேன். பிரெயில் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரை அனுப்பினார்கள். தாளில் புடைத்திருக்கும் சின்னப் புள்ளிகளை விரல் நுனியால் தடவி எழுத்தாகப் படிப்பதுதான் பிரெயில். டீச்சருக்கு இருபத்தேழு வயசு, பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போதும். வந்ததும் இவருடைய கையைப் பிடித்து விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, இது விரலா, செருப்புத் தோலா?" என்றாள்.

அவள் கேட்டது தப்பில்லை. சூட்டிலும் இரும்பிலும் காய்த்துக் காய்த்து அந்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் தடவினார். சுவரைத் தடவுவதுபோல் இருக்கிறது என்றார். நான்காம் வாரம் ஒரு காலையில் படுக்கையை உதறினால் தலையணை உறையெல்லாம் ரத்தத் திட்டு. பதறிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். தன் பழைய கருவிப் பெட்டியைத் துழாவி, உப்புத்தாளை எடுத்து, காய்த்துப்போன விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறார் மனுஷன்.

"துரு ஏறினா தேய்க்கிறதுதானே வழி? தேய்ச்சேன்" என்றார்.

"நீங்க என்ன இரும்பா?" என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். மருந்து போட்டபடியே திட்டினேன். கட்டுப் போட்டபடியே அழுதேன். கடைசியில், "டீச்சரை வர வேண்டாம்னு சொல்லிடு. அந்த பைபிளையும் யாருக்காவது குடுத்துடு. ஆண்டவர் என் வழியை எல்லாம் ஒவ்வொண்ணா அடைச்சிட்டார்" என்றார்.

நான் டீச்சருக்கும் சொல்லவில்லை, பைபிளையும் கொடுக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் பேசினேன். அதை ஜெபம் என்று சொன்னால் பாவம், அது சண்டை. இருபத்தொரு வருஷம் உம்முடைய வார்த்தையைச் சபைக்கே வாசித்தவரிடம் இப்படித்தான் பாராமுகமாக இருப்பீரா என்று கேட்டேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

இரண்டு நாள் கழித்து அவருக்குக் காபி கொடுத்தேன். விரல்களில் கட்டு இருந்ததால் இரண்டு உள்ளங்கையாலும் கப்பைத் தாங்கிப் பிடித்தார்.

"இதோட விளிம்புல கீறல் விட்டிருக்கு. உதட்டைக் கிழிச்சிடும், தூக்கிப் போடு" என்றார்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இருந்தது, தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். தினம் இரண்டு வேளை நான் கழுவுகிற கப். என் இரண்டு கண்ணிலும் அது ஒரு நாளும் படவில்லை.

"எந்த விரல்ல தெரிஞ்சுது?" என்றேன்.

இடது கையின் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். அதில் மட்டும் கட்டு இல்லை, காய்ப்பே இல்லாத விரல் என்று தேய்க்காமல் விட்டிருந்தார்.

மறுநாள் டீச்சர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாருங்கக்கா, பட்டறையில ஒரு வேலையும் செய்யாம இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கான் இந்தச் சோம்பேறி. இனிமே இவன்தான் நம்ம ஆளு" என்றாள்.

சோம்பேறி பிழைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் எழுத்துகள் பிடிபட்டன. பிரெயிலில் வேதம் ஒரே புத்தகமாக இருக்காது, தடித்தடியாகப் பல தொகுதி. துதிப் பாட்டுகள் அடங்கிய சங்கீதப் புத்தகம் வேண்டும் என்று கேட்டோம். அது வேறு யாரிடமோ இருந்ததால், சங்கத்து நூலகத்தில் கையிலிருந்த தொகுதி ஒன்றை அனுப்பினார்கள்.

"சங்கீதம் கேட்டா புலம்பல் வந்திருக்கு" என்றார்.

"ஏன், வீட்ல இருக்கிற புலம்பல் போதாதாமா?" என்றேன்.

சிரித்துவிட்டார். வெடிப்புக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

புலம்பல் என்பது தன் நகரம் அழிந்த துக்கத்தில் ஒருவர் எழுதிய வேதப் புத்தகம், அதன் மூன்றாம் அதிகாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த வரிகள் உண்டு. ஆண்டவருடைய இரக்கம் தீர்வதில்லை, ஒவ்வொரு காலையிலும் அது புதிதாக வருகிறது என்கிற இடம். எத்தனையோ துக்க வீடுகளில் இவர் அதை வாசித்திருக்கிறார். கண் இருந்தவரை பக்கத்தைத் திறந்ததும் நேரே அந்த இடத்துக்குப் போய்விடுவார். விரல் அப்படிப் போகாது. அதிகாரத்தின் தலையில் தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகத்தான் ஊர்ந்து வரும். ஆரம்பத்தில் ஒரு வரிக்கே அரை மணி நேரம் ஆனது, போகப்போகக் குறைந்தது.

ஒரு காலையில் நான் தையல் மெஷினில் இருந்தபோது கூப்பிட்டார். கூப்பிட்ட தொனியைக் கேட்டு ஓடினேன்.

"இதைக் கேளு. வெளிச்சத்துல இல்ல, இருட்டுலதான் ஆண்டவர் என்னை நடத்துறாருன்னு எழுதியிருக்கான் இந்த மனுஷன்" என்றார். விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "கூப்பிட்டாலும் என் ஜெபம் உள்ள போகலையாம். கல்லை வச்சு வழியை அடைச்சிட்டாராம்."

"நீங்க சொன்னதாச்சே அது" என்றேன்.

"அதான் சொல்றேன். எனக்கு முன்னாடியே ஒருத்தன் சொல்லி, அதை வேதத்துலயே எழுதி வச்சிருக்கு. இத்தனை வருஷமா நான் இதைத் தாண்டிக் குதிச்சுப் போயிருக்கேன். இவ்வளவையும் சொன்ன வாய்தான் அடுத்தாப்புல இரக்கம் தீராதுன்னு சொல்லுது. சௌகரியமா உக்காந்து எழுதின வரி இல்ல அது, இருட்டுல இருந்தவன் எழுதினது." தாளில் விரலை வைத்தபடியே அழுதார். "அந்தப் பக்கம் ஆள் இருக்கார். பேசிக்கிட்டுத்தான் இருக்கார்" என்றார்.

அந்த வாரமே சபையில் வாசிக்க வேண்டும் என்று செயலாளருக்குச் சொல்லி அனுப்பினார். செயலாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர்தான், கடிகாரத்தைத்தான் கொஞ்சம் அதிகமாகக் கும்பிடுவார்.

"அண்ணே, அந்த நல்ல வரிகள் மூணையும் உங்களுக்குப் போட்டிருக்கேன். மனப்பாடமா தெரியும்ல, புத்தகத்துல சும்மா கையை வச்சுக்கிட்டுச் சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும். மேலேர்ந்து வாசிக்கிறேன்."

"நேரம் ஆகுமே."

"ஆகும்" என்றார் இவர். போதகர் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை மேடையேற்றி, புத்தகத்தின் முன்னால் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்று தடுமாறினால் மறுபடியும் அந்த நாற்காலிதான், பிறகு யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் விரலை வைத்தார். ஒரு சொல் வந்தது, பிறகு மௌனம். இன்னொரு சொல், மறுபடி மௌனம். ஜனம் நெளிந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் செயலாளரைப் பார்த்தேன், அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

இருட்டில் நடத்தினார் என்ற வரி வந்தது. வழியை அடைத்தார் என்ற வரியும் வந்தது. நெளிந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். முன்வரிசையில், போன மாதம் மகளைப் பறிகொடுத்த பெண் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். நாங்கள் எல்லாரும் அவளுக்கு நல்ல வரிகளைத்தான் சொல்லியிருந்தோம், இதை யாரும் சொன்னதில்லை.

என் நம்பிக்கை செத்துப்போனது என்று அந்த மனுஷன் சொல்கிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. வியர்வையில் புள்ளி தெரியவில்லை. சட்டையில் துடைத்தார், தடவினார், இடம் தவறிவிட்டது. பின்னாலிருந்து யாரோ இரக்கத்தில் அந்த நல்ல வரியை எடுத்துக் கொடுத்தார்கள். உடனே பாதிச் சபையும் சேர்ந்து முணுமுணுத்தது.

அவர் வலது கையைத் தூக்கினார்.

"யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. அது இன்னும் நாலு வரி தள்ளி இருக்கு. நானே வந்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

சுண்டுவிரல் ஓரத்திலிருந்து தேடிவந்து விட்ட இடத்தைப் பிடித்தது. ஒரு வரி, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஆண்டவருடைய இரக்கம் தீரவில்லை என்றும், ஒவ்வொரு காலையிலும் அது புதிதாக வருகிறது என்றும் சபை முழுக்கக் கேட்கும்படி என் வீட்டுக்காரர் வாசித்தார். ஒப்பிக்கவில்லை, வாசித்தார். சந்தோஷம் தாங்காமல் நான் எழுந்து நின்றுவிட்டேன். வெட்கப்பட்டுத் திரும்பிப் பார்த்தால், மொத்தச் சபையும் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு அது எப்படித் தெரியும்? விரலை எடுக்காமலே, "இன்னும் பாதிக்கு மேல இருக்கு. வாசிக்கட்டுமா?" என்று கேட்டார்.

போதகர் வாயைத் திறப்பதற்குள் மகளைப் பறிகொடுத்தவள் முந்திக்கொண்டாள்.

"வாசிங்கண்ணா. எவ்வளவு நேரம் ஆனாலும் வாசிங்க."